இடது தோளில் முக்கால் இஞ்ச்

கம்பெனியில் அவளை மீடியம் என்றுதான் கூப்பிடுவார்கள், வாசலில் நிற்கிற வாட்ச்மேன் முதல் மாடியில் உட்கார்ந்திருக்கிற முதலாளி வரைக்கும். கேலி ஒன்றும் இல்லை. அதுதான் அவள் உத்தியோகம். வெளிநாட்டுக்குப் பெண்கள் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனி அது. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சட்டைக் கழுத்தில் ஒரு துண்டுத் துணி தைத்திருப்பார்களே, அந்த மீடியம் யார் என்று கேட்டால் இவளைத்தான் காட்டுவார்கள். எந்தப் புதுச் சட்டையானாலும் முதலில் ஒரே ஒரு சாம்பிள் தைத்து இவள் மேல் மாட்டிப் பார்ப்பார்கள். இவள் மேல் சரியாக நின்றால்தான் மற்ற அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் வெட்டுவார்கள். எங்கேயோ ஒரு கடையில் ஒருத்தி கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, எனக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப் போவாள். பாவம், அது அவளுக்காகத் தைத்தது இல்லை. நம் மீடியத்துக்குத் தைத்தது.

மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தொன்பது, சீட் என்கிற பின்பக்கச் சுற்று முப்பத்தெட்டு. பதினேழு வருஷமாக இந்த மூன்றும் அசையக் கூடாது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, ஆர்டர்களைக் கவனிக்கிற மேடம் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்து பார்ப்பார். அரை இஞ்ச் கூடினாலும் முகம் சுளிப்பார், அரை இஞ்ச் குறைந்தாலும் சுளிப்பார். உலகத்துப் பெண்கள் எல்லாம் இளைப்பதற்குத் தவம் கிடக்க, இவளுக்கு இளைக்கக்கூட உரிமை இல்லை. ஒரு முறை காய்ச்சலில் படுத்து உடம்பு இறங்கிப் போனபோது, மேடம் வீட்டுக்கே பார்க்க வந்தார். ஒரு கையில் பழம் இருந்தது, இன்னொரு கையில் டேப் இருந்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைத்தேன் என்று சொல்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதற்கே சம்பளம் வாங்கியவள் இவள் ஒருத்திதான். கம்பெனியில் யாருக்காவது பிறந்த நாள் வந்தால் கேக் வெட்டுவார்கள். தட்டு இவள் பக்கம் திரும்பியதும், "மீடியத்துக்குக் குடுக்காதீங்கப்பா, ஆர்டர் கேன்சல் ஆயிடும்!" என்று யாராவது கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். வீட்டில் மகள் வேறு, "அம்மா இன்னொரு வாய் சாப்பிட்டா, போன கப்பல் திரும்பி வந்துடும்" என்பாள். அதற்கும் சிரிப்பாள்.

ஒன்றுக்குத்தான் அவளால் சிரிக்க முடியவில்லை. இரண்டாவதாக ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். அப்போது இருந்த பழைய மேடம், "தாராளமா பெத்துக்கோ. ஆனா உடம்பு திரும்பி இதே அளவுக்கு வருமா, சொல்லு?" என்று கேட்டார். யாரால் சொல்ல முடியும்? இந்தக் கோடை ஆர்டர் போகட்டும், அந்தக் குளிர்கால ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வந்து போயின. நாற்பத்தொரு வயதும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை வரவே இல்லை.

இந்த உத்தியோகம் அவள் தேடிப் போனதும் இல்லை. இருபத்துநாலு வயதில், இரண்டு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நூல் வெட்டுகிற வேலைக்குத்தான் வந்தாள். தைத்து வருகிற சட்டைகளில் துருத்திக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்திரியால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்போது சாம்பிளை எல்லாம் ஒரு துணிப் பொம்மை மேல் மாட்டிப் பார்ப்பார்கள். பொம்மை கையைத் தூக்காது, உட்காராது, மூச்சு விடாது. உயிருள்ள ஆள் மேல் மாட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று பையர் கேட்டான். பையர் என்றால் ஆர்டர் கொடுக்கிறவன், அவன் வைத்ததுதான் சட்டம். கட்டிங் மாஸ்டர் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, இவளைக் கைகாட்டினார். சட்டையை மாட்டியதும் வார்த்து ஊற்றியது போல உட்கார்ந்தது. அன்றைக்குப் பொம்மையை மூலைக்குத் தள்ளினார்கள். அதன் தலையில் யாரோ தொப்பியை மாட்டினார்கள். தோளில் மழைக்கோட்டு தொங்கியது. "உன் சக்களத்தி மூலையில நின்னு முறைக்கறா பாரு" என்று எல்லோரும் இவளைக் கிண்டல் செய்வார்கள்.

வீட்டுக் கதை வேறு. அவள் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். ஆள் மலை மாதிரி இருப்பார், வாயும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரி மேலிருந்து விழுந்ததில் வலது இடுப்பு நொறுங்கிப் போனது. ஆபரேஷன் செய்தார்கள், கம்பி வைத்தார்கள். கால் வந்தது, பலம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கைக்குச்சி கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. "நூறு கிலோ மூட்டையைத் தூக்கினவன்டி நான். குச்சி புடிச்சு நடக்கறதுக்கு நான் என்ன கெழவனா?" என்பார். குச்சியை விட்டாரே தவிர, பெண்டாட்டி தோளை விடவில்லை.

ஒற்றை அறை. கட்டிலின் ஒரு பக்கம் சுவர். தலைமாட்டை ஒட்டி இரும்புப் பீரோ நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாலும் சரி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, அவருக்கு இடது பக்கம் அந்தப் பீரோதான்; வலது பக்கத்தில் மட்டும்தான் இன்னொரு ஆள் நிற்க இடம். அவள் அங்கே வந்து குனிவாள். அவர் வலது கையை அவள் இடது தோள் மேல் போட்டு முழுப் பாரத்தையும் இறக்கி எழுந்திருப்பார். காலையில் பாத்ரூமுக்கு, பிறகு ஜன்னலோர நாற்காலிக்கு, சாயங்காலம் திரும்பக் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. இப்படி இரண்டு வருஷம். டேப் சுற்றளவைத்தான் பார்க்கும். தோள் இறங்கியிருக்கிறதா என்று எந்தத் திங்கட்கிழமையும் எவரும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கோடு போட்ட டாப்ஸ் ஆர்டர் வந்தது. வெயில் காலத்தில் போட்டுக்கொள்ள மெல்லிய பருத்திப் பின்னல் துணி, அகலக் கழுத்து, முழங்கையோடு நிற்கிற கை, வெள்ளையில் நீலக் கோடு குறுக்கே ஓட வேண்டும். ஆறாயிரம் பீஸ். போடுகிறவர்களை அழகாகக் காட்ட வேண்டும் என்று பையர் தனியாக எழுதியிருந்தான்.

"அழகான்னா எப்படியாம்?" என்று மீடியம் கேட்டாள்.

"போடறவளை ரெண்டு கிலோ கொறைச்சுக் காட்டணுமாம்" என்றார் மாஸ்டர். "குறுக்குக் கோட்டுல அதை எப்படிடா காட்டறது? அவன் ஊர்ல கண்ணாடிக்கே லஞ்சம் குடுப்பான் போல."

"கோடு போட்டா குண்டாத் தெரியும்னு சும்மா சொல்றாங்க மாஸ்டர். கோடு எங்க நிக்குதுங்கறதுதான் விஷயம். தோள்கிட்ட வெள்ளையா விடுங்க, மார்புக்கு மேல ஆரம்பிங்க. கோடு ஒல்லியா இருக்கட்டும், நடுவுல எடம் விட்டு வரட்டும். இடுப்பைப் புடிக்காம தொளதொளன்னு விடுங்க. யாருக்கும் நல்லா இருக்கும்."

எத்தனை ஆயிரம் சட்டை மாட்டிப் பார்த்த உடம்பு, அதற்குத் தெரியாதா? மாஸ்டர் அப்படியே வெட்டினார். ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை விவரம் தெரிந்தவளுக்குச் சொந்தமாக ஒரு டாப்ஸ் கிடையாது. கம்பெனியில் சாம்பிள் எல்லாம் எண்ணி அனுப்புகிற சரக்கு. இவள் போட்டுப் பார்ப்பாள், கழற்றிக் கொடுப்பாள்.

போட்டுப் பார்க்கிற அறை ஆறடிக்கு ஆறடி. மூன்று பக்கம் கண்ணாடி, நாலாவது பக்கம் திரை. துணி அசையும் என்பதால் ஃபேன் கிடையாது. முதல் சாம்பிளை மாட்டிக்கொண்டு நின்றாள். மேடம் தள்ளி நின்று பார்த்தார்.

"மாஸ்டர், கோடு சாயுது."

"எங்க சாயுது?"

"இடது பக்கம் எறங்குது, பாருங்க."

மாஸ்டர் சட்டையைக் கழற்றி வாங்கி மேஜையில் விரித்து ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். தண்டவாளம் மாதிரி நேராக இருந்தது. திரும்ப மாட்டினால் சாய்ந்தது. "துணிதான் முறுக்குது. பின்னல் துணியோட புத்தி அது" என்று துணி மேல் பழியைப் போட்டார். மீடியம் சாய்ந்திருக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தராசு தப்பாக இருக்கும் என்று எந்தக் கடைக்காரன் முதலில் நினைக்கிறான்? சரக்கைத்தான் எடுத்து எடுத்துப் போடுவான்.

வேறு துணி வந்தது. அலசிக் காயவைத்து, இரண்டாவது சாம்பிள் தைத்தார்கள். அதுவும் சாய்ந்தது. மேடமும் மாஸ்டரும் திரைக்கு வெளியே போய் ஒருத்தரையொருத்தர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, மீடியம் உள்ளே தனியாக நின்றாள். மூன்று கண்ணாடியிலும் மூன்று மீடியம். கோட்டைப் பார்த்தாள். அப்புறம் கோட்டை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு தோள் மேல் வைத்தாள். இடது கை இறங்கியிருந்தது. இடது தோளை மெல்லத் தூக்கினாள், கோடு நேரானது. விட்டாள், சாய்ந்தது. ஒரு வருஷமாகக் கைப்பை வார் இடது தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்ததும், வாரைத் திட்டி இரண்டு தடவை தைக்கக் கொடுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐயோ என்று இருந்தது. வாய்விட்டுக் கத்த முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றாள்.

அவர்கள் திரும்பி உள்ளே வந்தபோது மூச்சைப் பிடித்துத் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏன் வெறைச்சுப் போய் நிக்கற? மூச்ச விடும்மா. எப்பவும் நிக்கற மாதிரி நில்லு" என்றார் மாஸ்டர்.

எவ்வளவு நேரம் பிடிப்பாள்? விட்டாள். கோடு இறங்கியது. மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துணியும் நேர், வெட்டும் நேர். அப்படியானால் தைத்த கைதான் கோணல் என்று சாம்பிள் மெஷின் பக்கம் திரும்பினார். அங்கே உட்கார்ந்து தைக்கிறவளைக் கண்ணாடி அக்கா என்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவள், தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். "கண்ணு தெரியலன்னா சொல்லிட்டுப் போயேன். உன்னால ரெண்டு சாம்பிள் வீண்!" என்று ஹாலே கேட்கும்படி கத்தி, அவளை எழுப்பிப் பட்டன் வைக்கிற மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் கண்ணாடி அக்கா லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கும் மறுநாள் சாப்பாட்டு வேளையில் மீடியத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்பர் மாறவே இல்லையாம்டி. கண்ணு ஜோரா இருக்குங்கறார் டாக்டர்."

"நல்ல சேதிதானேக்கா?"

"என்ன நல்ல சேதி? கண்ணு நல்லா இருந்தா, அப்ப கைதான போச்சு?" என்று இரண்டு கையையும் நீட்டினாள். "நடுங்குதான்னு பாரு. நெசத்தைச் சொல்லு."

மீடியம் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். கல் மாதிரி அசையாமல் இருந்தது. "நடுங்கலக்கா" என்றாள். அந்த நிமிஷம் அவள் தன்னை வெறுத்தாள். ஆனாலும் சொல்லவில்லை.

மூன்றாவது சாம்பிளுக்கு மாஸ்டர் ஒரு வேலை செய்தார். துணி எப்படியும் இடது பக்கம் இழுக்கிறது, அதை வெட்டிலேயே சரிக்கட்டிவிடுவோம் என்று, வெட்டுக்கு அளவாக வைக்கிற அட்டையில் இடது தோளை முக்கால் இஞ்ச் இறக்கி வெட்டித் தானே தைத்தும் கொண்டு வந்தார். மீடியம் மாட்டினாள். அடேயப்பா! நீலக் கோடு ஒவ்வொன்றும் நேராக நின்றது. தோளுக்குக் கீழே வெள்ளை, அதற்கப்புறம் கோடு, இடுப்பில் ஒரு தளர்வு. கண்ணாடியில் தெரிந்தவள் பத்து வயது குறைந்திருந்தாள். மேடம் கை தட்டினார். படம் போனது. மறுநாளே பையரிடமிருந்து பதில் வந்துவிட்டது: பிரமாதம், ஆறாயிரமும் இதே மாதிரி வெட்டுங்கள். வியாழக்கிழமை காலையில் கட்டிங் என்று முடிவானது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆறாயிரம் டாப்ஸ், ஆறாயிரத்துக்கும் இடது தோள் முக்கால் இஞ்ச் கீழே. புருஷனைச் சுமந்து தோள் இறங்கிப் போன ஒருத்திக்கு மட்டும்தான் அது சேரும். சரக்கு போய் இறங்கியதும் மொத்தமும் திரும்பி வரும். மாஸ்டர் வீட்டுக்குப் போவார். கண்ணாடி அக்கா ஏற்கனவே பாதி போய்விட்டாள். அதைத் தடுக்க வேண்டுமென்றால் மீடியம் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் மீடியம் இனி மீடியம் இல்லை. மீடியமாக நிற்பதற்கென்று சம்பளத்துக்கு மேல் ஒரு படி உண்டு; அதில்தான் புருஷன் மருந்தும் மகள் காலேஜ் படிப்பும் ஓடிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை சாயங்காலம் அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுபோகக் குனிந்தாள். கை வந்து தோளில் விழுந்தது.

"என்ன, இன்னிக்கு வாயே திறக்கல? கம்பெனியில வாயையும் அளந்துட்டாங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. வெயில்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உன் தோள் வேண்டாம் என்று வீராப்பாகத் தானே எழுந்திருப்பார். போன வருஷம் ஒரு சண்டையில் அப்படி எழுந்து, பீரோ மேல் விழுந்து நெற்றியில் தையல் போட்டது. அங்கே சொன்னால் வேலை, இங்கே சொன்னால் இவர், சொல்லாவிட்டால் மாஸ்டரும் அக்காவும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது இரண்டு பக்கம்தான் நெருப்பு.

வியாழக்கிழமை கட்டிங் ஹாலில் நீள மேஜை மேல் துணியை நூறு அடுக்குக்கு மேல் விரித்து வைத்திருந்தார்கள். மேலே அட்டையின் கோடு வரைந்த தாள். மாஸ்டர் கத்தி மெஷினை எடுத்து ஸ்விட்சைப் போட்டார். அது உறுமத் தொடங்கிய அதே நேரத்தில், கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மீடியம் வந்தாள். இடுப்பில் அந்தத் துணிப் பொம்மையை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன மீடியம், சக்களத்தியோட எங்க கிளம்பிட்ட?" என்று யாரோ கேட்க, ஹாலே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. பொம்மையை மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தொப்பியையும் மழைக்கோட்டையும் எடுத்துக் கீழே போட்டாள். தூசியை முந்தானையால் துடைத்தாள். பையர் ஒப்புக்கொண்ட அந்த மூன்றாவது சாம்பிளை ஆணியிலிருந்து எடுத்துப் பொம்மைக்கு மாட்டி, கழுத்தைச் சரிசெய்து, தள்ளி நின்றாள்.

கோடு இந்தத் தடவை இடது பக்கம் ஏறியிருந்தது. குருடன் தடவிப் பார்த்தாலும் தெரியும்.

மாஸ்டர் மெஷினை அணைத்தார். பொம்மையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"துணி சாயல மாஸ்டர். அக்கா தைச்சதும் சாயல. நான்தான் சாஞ்சு போயிருக்கேன்." இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க, முக்கால் இஞ்ச்."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேடம் மேலேயிருந்து ஓடி வந்தார். டேப்பை எடுத்து, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகத் தரையிலிருந்து தோள் வரைக்கும் அளந்தார், வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் இரண்டு தடவை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது சாம்பிள்லயே தெரியும் மேடம்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா வேலை போயிடுமேன்னு."

"இப்ப மட்டும் போகாதா?" என்றார் மேடம். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை; தெரியாமல்தான் கேட்டார்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சரியான ஆள் கிடைக்கிற வரைக்கும் பொம்மையை வைத்துக்கொள்வது, மீடியம் படி இனிமேல் கிடையாது, நூல் வெட்டுகிற மேஜையில் போய் உட்காரலாம் என்றார் மேடம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் எழுந்து வந்த அதே மேஜை. மாஸ்டர் நேராகப் பட்டன் மேஜைக்குப் போனார். தப்புதான், மன்னித்துக்கொள் என்று சொல்கிற வாய் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. "உன் மெஷின்ல தூசி படிஞ்சு கெடக்கு. போய்த் தொடச்சு உக்காரு" என்றார் கண்ணாடி அக்காவிடம். அக்கா எழுந்து போகிற வழியில் மீடியத்தின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் குட்டின இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

டீ வேளையில் யாரோ பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார்கள். "இனி என்ன, நல்லாச் சாப்பிடு!" என்றார்கள். விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள் போல. இரண்டு எடுத்தாள். ஒன்றைக் கடித்தாள். இறங்கவில்லை. பதினேழு வருஷமாகப் பூட்டிய வயிறு, சாவி எங்கே போட்டது என்று அதற்கே தெரியவில்லை. மிச்சத்தை மகளுக்கென்று பையில் போட்டுக்கொண்டாள்.

புறப்படுகிற நேரத்தில் மாஸ்டர் ஒரு தாள் பொட்டலத்தைக் கொடுத்தார். "தப்பாப் போன சாம்பிளை வெட்டிப் போடணும்ங்கறதுதான் சட்டம். மேடத்துக்கிட்ட கேட்டுட்டேன், எடுத்துட்டுப் போ. உலகத்துல வேற யாருக்கும் இது ஆகாது."

வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். கோடு நேராக நின்றது. கழற்றிக் கொடு என்று சொல்ல யாரும் இல்லை. எத்தனையோ கோடைக்கு எத்தனையோ ஆயிரம் சட்டை. அவளுக்கென்றே வெட்டின முதல் சட்டை இதுதான்.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து அவர் ஒரு விசில் அடித்தார். "யாரும்மா நீ? வீடு மாறி வந்துட்டியா?"

"கம்பெனியில குடுத்தாங்க. எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கா! இந்த மாதிரி பத்து குடுக்கச் சொல்லு அவங்களை."

வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வேர்வை பட்டுவிட்டது, அலசிப் போடலாம் என்று மாற்றிக்கொண்டு வந்தாள். அலசிப் பிழிந்து ஹேங்கரில் மாட்டி, ஜன்னல் கம்பியில் அவருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். சமையலைப் பார்க்கப் போனவள், வெகு நேரம் அவர் குரலே கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தாள். அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹேங்கரில் நீலக் கோடுகள் எல்லாம் ஒரு பக்கமாக ஏறி நின்றன.

"இந்தச் சட்டை தொங்கறது சரியில்லையே."

"ஹேங்கர் வளைஞ்சிருக்குங்க."

"ஹேங்கர் வளையல." அவர் கையை நீட்டிச் சட்டையின் இடது தோளைத் தொட்டார். "எங்க லாரி செட்டுல இருவது வருஷம் மூட்டை தூக்கினவங்க எல்லாருக்கும் இப்படித்தான் தைக்கணும். எந்தத் தோள்ல மூட்டைன்னு சட்டையைப் பாத்தே நான் சொல்லுவேன்."

அவள் வாசல்படியிலேயே நின்றாள்.

"நான் எத்தனை மூட்டை கனம் இருப்பேன்?" என்று கேட்டார்.

"சும்மா இருங்க."

"வேலை போச்சா?"

"வேலை போகல. மீடியம்தான் போச்சு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துணி, அக்கா, மாஸ்டர், முக்கால் இஞ்ச் என்று நின்ற இடத்திலேயே மொத்தத்தையும் கொட்டினாள். அவர் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அந்தக் குச்சி இருக்கா, கட்டிலுக்கு அடியில?" என்றார் கடைசியில்.

"இருக்கு. எதுக்கு?"

"எடு." எடுத்துக் கொடுத்தாள். உறையைப் பல்லால் கிழித்துப் பிரித்தார். வலது கையில் பிடித்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "காலுக்கு இது இருக்கட்டும். நாளைக்கு நம்ம பொண்ணு காலேஜ் விட்டு வந்ததும் ரெண்டு பேருமா சேர்ந்து அந்த பீரோவை நகத்துங்க. இனிமே நீ எனக்கு இடது பக்கம் வா."

"அந்தப் பக்கமா? எதுக்குங்க?"

"அந்தத் தோளும் முக்கால் இஞ்ச் எறங்கட்டும். ரெண்டும் சமமாயிட்டா கோடு நேரா நிக்கும்ல? மறுபடியும் உன்னை மீடியம் ஆக்கிடறேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது, அழுகையும் கூடவே வந்தது, இரண்டையும் துடைத்துக்கொள்ள ஒரே முந்தானைதான் இருந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாத்ரூம் போகணும்" என்றார். குச்சியை ஊன்றி எழப் பார்த்தார். குச்சி வழுக்கியது. பீரோ நாளைக்குத்தானே நகரும். மீடியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எப்போதும் போல அவருடைய வலது பக்கம் நின்று, குனிந்து, இடது தோளைக் கொடுத்தாள்.